யார்க் மட்டும் வேண்டாம்

அத்தியாயம் 7

"எங்க வேணா போங்க. யார்க் மட்டும் வேண்டாம்" என்று ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின் நடுவில் தட்டை நகர்த்திவிட்டு மாடிக்குப் போன லெனார்ட் ஹோல்ராய்ட், அதற்கப்புறம் நான்கு நாட்களாக அந்த ஊரின் பெயரையே எடுக்கவில்லை.

மகள் ரோசலிண்டும் எடுக்கவில்லை. ஆனால் திட்டத்தையும் அவள் விடவில்லை.

கனடாவில், கால்கரியில் இருக்கும் தம்பி டங்கன் ஆறு வருஷம் கழித்து கிறிஸ்துமஸுக்கு வருகிறான். கூடவே, அவன் கட்டிக்கொள்ளப் போகும் கெண்ட்ராவும். பழைய ஊர், பழைய கல், பழைய பேய் என்றால் கெண்ட்ராவுக்கு உயிராம். அதனால் பண்டிகை முடிந்ததும் நால்வரும் மூன்று நாள் யார்க்கில் தங்குவது என்று டங்கன் அங்கிருந்தே முடிவு செய்துவிட்டான். ஏற்பாடுகள் அக்காவின் தலையில்.

ஹாலிஃபாக்ஸில் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் யார்க். அந்த ஒன்றரை மணி நேர ஊரை நாற்பத்திரண்டு வயது வரை ரோசலிண்ட் பார்த்ததே இல்லை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அங்கே சுற்றுலா போன அன்றைக்கு அவளுக்கு மட்டும் காய்ச்சல் வந்தது. உடம்பில் வரவில்லை, அப்பா வாத்தியாருக்கு எழுதிக்கொடுத்த கடிதத்தில் வந்தது.

"கிழவருக்குப் பேய் பயம், அவ்வளவுதான்" என்று டங்கன் போனில் சிரித்தான். ரோசலிண்டும் சிரித்தாள். முப்பது வருஷம் இருட்டில் பஸ் ஓட்டிய மனுஷனுக்கு என்ன பேய் பயம் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

இன்று வியாழக்கிழமை. பல் டாக்டரின் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் உட்காரும் ரோசலிண்டுக்கு வார விடுமுறை. வெளியே காலையிலிருந்து நசநசவென்று மழை. அப்பா கறி வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். விவாகரத்துக்குப் பிறகு அவள் இந்த வீட்டுக்கே திரும்பி வந்து எட்டு வருஷம் ஆகிறது. வியாழன்தோறும் கறியை மாவில் பொதிந்து வேகவைக்கும் 'பை' செய்வது அப்பாவின் வேலை. மாவு பிசைய அவளை விடமாட்டார்.

சமையலறை மேஜையில் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் அடித்தாள். தங்குமிடம் சொல்லியாகிவிட்டது, ஊரின் பழைய மதில் பக்கத்தில் மூன்று அறைகள். அப்பாவின் முட்டி வலிக்காக அவருக்குக் கீழ்த்தள அறை. சாயங்காலம் பெரிய தேவாலயத்தில் பாட்டு. மதில் மேல் நடை: 'உறைபனி இருந்தால் மூடிவிடுவார்கள், காலையில் கேட்டுக்கொள்ளவும்'. எல்லாம் முடிந்து ஒன்றே ஒன்றுதான் பாக்கி. தெருத்தெருவாக நடத்திப் பேய்க்கதை சொல்லும் பேய் உலா.

யார்க்கில் பேய் உலாவுக்கா பஞ்சம்? தெருவுக்கு இரண்டு பேர் நீளத் தொப்பி போட்டுக்கொண்டு கூட்டம் சேர்ப்பார்கள் என்று கேள்வி. ஆனால் டங்கன் ஒரே ஒரு உலாவின் பெயரைத்தான் அனுப்பியிருந்தான். 'கறுப்புக் குடை'. கீழே, "இதேதான் அக்கா. வேற எதையும் புக் பண்ணிடாதே" என்று இரண்டு தடவை எழுதியிருந்தான்.

ரோசலிண்ட் எண்ணை அழுத்தினாள்.

"கறுப்புக் குடை பேய் உலா, வணக்கம். உயிரோட இருக்கறவங்கதானே பேசறது?"

பெண் குரல். வயதான, கொஞ்சம் கரகரத்த, சிரிப்பை உள்ளே வைத்துக்கொண்ட குரல்.

"இப்போதைக்கு உயிரோடதாங்க இருக்கேன்" என்றாள் ரோசலிண்ட்.

"நல்லதாப் போச்சு கண்ணு. செத்தவங்கன்னா இடம் கொடுக்கறது கஷ்டம். அவங்க சொன்ன நேரத்துக்கு வர்றதில்லை."

ரோசலிண்டுக்கு அந்த அம்மாளைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்த மாதிரி இருந்தது, பார்க்காமலேயே. டிசம்பர் இருபத்தெட்டு, மாலை ஐந்து மணி, பெரியவர்கள் நான்கு பேர் என்று சொன்னாள்.

"எவ்வளவு தூரம் நடக்கணும்? கூட ஒருத்தருக்கு முட்டி சரியில்லை."

"ஒண்ணேகால் மணி நேரம். அவசரமே இல்லை. முட்டிக்காரங்களுக்குன்னு நான் ஒரு மடக்கு நாற்காலி தூக்கிட்டு வருவேன். நான் கதை சொல்றப்போ அவங்க உக்காந்துக்கலாம்."

"நீங்கதான் கதை சொல்வீங்களா?"

"நானேதான். குடை பிடிக்கறதும் நான்தான், கதை அளக்கறதும் நான்தான்."

"நிஜமாவே பேய் வருமா?"

"நிலவறையில ரோமானியச் சிப்பாய்ங்க வரிசையா போவாங்கன்னு சொல்வேன். ஜன்னல்ல ஒரு சின்னப் பொண்ணு எட்டிப் பாக்கும்னு சொல்வேன். இருபது வருஷத்துல ஒண்ணு கூட என் எதிர்ல வந்ததில்லை கண்ணு. எனக்கே கொஞ்சம் வருத்தம்தான்."

"எங்கப்பாகிட்ட இதைச் சொல்றேன், அப்பவாவது வர்றாரா பாப்போம். யார்க்னாலே வரமாட்டேன்னு ஒரே அடம். எழுபத்திநாலு வயசாச்சு, பஸ் டிரைவரா இருந்தவர், குழந்தை மாதிரி..."

எதிர்முனையில் பேனா காகிதத்தில் கீறும் சத்தம் நின்றது.

"பேர் சொல்லும்மா, எழுதிக்கறேன்."

"ஹோல்ராய்ட். ரோசலிண்ட் ஹோல்ராய்ட்."

பதில் இல்லை.

"ஹலோ? எழுத்துக்கூட்டிச் சொல்லட்டுங்களா?"

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று ரோசலிண்ட் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அறுபடவில்லை. யாரோ மூச்சு விடுவது கேட்டது.

"ஹாலிஃபாக்ஸா?" என்றது குரல். அதில் இப்போது சிரிப்பு இல்லை.

"ஆமாம்... உங்களுக்கு எப்படி..."

"டங்கனும் வர்றானா?"

அவ்வளவுதான். எதையோ தட்டிவிட்ட சத்தம் கேட்டது. உடனே போன் துண்டித்துப்போயிற்று.

நான்கு பேர் என்றுதான் சொன்னோம், தம்பி என்று கூடச் சொல்லவில்லையே? ரோசலிண்டுக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். இந்தப் பயல் ஏற்கெனவே போன் போட்டுச் சொல்லிவிட்டு, என்னையும் ஏன் கூப்பிட வைத்தான்?

மறுபடி அழுத்தினாள். மணி ஐந்து தடவை அடித்ததும் ஓர் ஆண் எடுத்தார்.

"கறுப்புக் குடை. மாரிஸ் பேசறேன்."

"இப்ப ஒரு அம்மா என்கூடப் பேசிட்டிருந்தாங்க. பாதியில கட்டாயிடுச்சு."

"நீங்கதானா அது? என்னம்மா சொன்னீங்க அவகிட்ட? மூஞ்சியெல்லாம் வெளுத்துப்போய், கோட்டைக் கூட மாட்டாம மழையில வெளியே போயிட்டா. இத்தனை வருஷத்துல நான் லோர்னாவை இப்படிப் பாத்ததே இல்லை."

"யாரு?"

"லோர்னா. எங்க லோர்னா சக்டன்."

ரோசலிண்டின் கையிலிருந்த பேனா காகிதத்தில் தானாகக் கோடு இழுத்துக்கொண்டே போயிற்று.

"அவங்க... யார்க் ஊர்க்காரங்களா?"

"இல்லைம்மா. உங்க பக்கம்தான். உங்களை மாதிரியேதான் பேசுவா, ஹாலிஃபாக்ஸ் வாடை இன்னும் போகலை. ஏன், தெரிஞ்சவங்களா?"

என்ன சொல்லிப் போனை வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

ரோசலிண்டின் பிறப்புச் சான்றிதழில் தாய் என்ற இடத்தில் 'லோர்னா ஹோல்ராய்ட், பிறந்த குடும்பம் சக்டன்' என்று இருக்கும். முன்னறைக் கணப்பின் மேலே அந்த லோர்னாவின் போட்டோ இருக்கிறது. ஸ்கார்பரோ கடற்கரையில், காற்றில் பறக்கும் முடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண். ரோசலிண்டுக்கு ஐந்தரை வயதும் டங்கனுக்கு ஐந்து மாதமும் ஆகியிருந்தபோது நிமோனியாவில் செத்துப்போன அம்மா.

கல்லறை கிடையாது. சாம்பலை விட்பி கடலில் கரைத்துவிட்டதாக அப்பா சொல்வார். ஒவ்வொரு மார்ச் ஒன்பதாம் தேதியும் மூவரும் விட்பி போவார்கள். படகுத்துறையின் கடைசி வரை நடந்து, டாஃபடில் பூக்களைத் தண்ணீரில் போடுவார்கள். பிறகு சூடாக மீனும் வறுத்த உருளைக்கிழங்கும் வாங்கிக் காகிதத்தோடு கையில் பிடித்துக்கொண்டு தின்பார்கள். டங்கன் கனடா போன பிறகு அப்பாவும் அவளும் மட்டும் போனார்கள். இந்த மார்ச்சிலும் போனார்கள். காற்று பூக்களைத் திருப்பி அவள் கோட்டின் மேலேயே அடித்தது. அப்பா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி மறுபடி போட்டார்.

முப்பத்தாறு வருஷம்.

ரோசலிண்ட் முன்னறைக்குப் போய் அந்தப் போட்டோவின் முன்னால் நின்றாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவின் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்கு நினைவே கிடையாது. சின்ன வயதில் எத்தனையோ தடவை படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டு முயன்று பார்த்திருக்கிறாள். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் அந்தக் குரலோடு பேயைப் பற்றிக் கேலி பேசிச் சிரித்திருக்கிறாள்.

வாசல் கதவு திறந்தது.

"மாட்டுக் கறியும் கிட்னியும் வாங்கினேன்" என்று லெனார்ட் நடையிலிருந்தே பேசிக்கொண்டு வந்தார். "அந்த ஹாரப் கடைப் பையன் கொழுப்பாப் பாத்துப் போட்டுட்டான், நான் விடலையே, எல்லாத்தையும் திருப்பிக் கொட்டச் சொல்லி..."

தொப்பியைக் கழற்றி உதறியவர், மகளைப் பார்த்தார்.

"ஏம்மா ரோசி, உடம்புக்கு என்ன?"

"அப்பா." அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போல இருந்தது. "யார்க்குக்கு போன் பண்ணேன். பேய் உலாவுக்கு. லோர்னா சக்டன்னு ஒருத்தங்க எடுத்தாங்க."

என்ன உளறுகிறாய் என்று அவர் கேட்கவில்லை. யார் அது என்று கேட்கவில்லை. அதே பெயரில் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்றும் சொல்லவில்லை. இதில் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட மாட்டாரா என்று ரோசலிண்ட் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கறிப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்தபடி லெனார்ட் மாடிப்படியில் உட்கார்ந்தார்.

"குரல் எப்படி இருந்துது?" என்று கேட்டார்.

ரோசலிண்ட் அவர் எதிரே வந்து நின்றாள்.

"என்ன கேக்கறீங்க நீங்க? என்ன கேக்கறீங்க?"

"நல்லா இருந்துதா? திடமா இருந்துதா?"

"சாம்பலைக் கரைச்சேன்னு சொன்னீங்களேப்பா! வருஷா வருஷம் பூப் போட்டோமே! மார்ச்ல கூடப் போட்டோமே! யாருக்குப்பா போட்டோம்?"

"கத்தாதே ரோசி."

"கத்துவேன்! என் கல்யாணத்தன்னிக்கு அந்த போட்டோ முன்னால நின்னு அழுதேனே, பக்கத்துலதானே நின்னீங்க? தோள்ல கை போட்டுக்கிட்டு நின்னீங்க! அன்னிக்கு ஒன்றரை மணி நேரத் தூரத்துல அவங்க டீ குடிச்சுக்கிட்டு இருந்திருக்காங்க, இல்லையா?"

"ஆமாம்" என்றார் லெனார்ட்.

இந்த மனுஷன் அவளிடம் வேறு எதிலும் பொய் சொன்னதில்லை. தடித்த விரல்களால் தினமும் அவளுக்கு இரட்டைப் பின்னல் போட்டுவிட்டவர். பின்னல் கோணலாக இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிரிக்க, மறுநாள் டிப்போவில் டிக்கெட் கொடுக்கும் பெண்களிடம் கேட்டுக் கற்றுக்கொண்டு வந்தவர். அவள் வயதுக்கு வந்த சமயம் மருந்துக்கடையில் போய் முகம் சிவக்க நின்றவர். அப்படிப்பட்டவர் இப்போது படியில் உட்கார்ந்துகொண்டு 'ஆமாம்' என்கிறார்.

"ஏன் போனாங்க? வேற யாராவது..."

"சேச்சே. அதெல்லாம் இல்லை." அவர் நிமிர்ந்தார். "அவளைப் பத்தி அப்படி நினைக்காதே."

"பின்ன என்ன நினைக்கட்டும்? சொல்லுங்க."

பொட்டலத்தில் ஈரம் கசிந்து சட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. ரோசலிண்ட் அதை அவர் கையிலிருந்து பிடுங்கித் தரையில் வைத்தாள்.

"டங்கன் பொறந்ததுக்கு அப்புறம் அவ தூங்கறதை நிறுத்திட்டா" என்று ஆரம்பித்தார். "ராத்திரி முழுக்க நடப்பா. இது நம்ம குழந்தை இல்லை லென், ஆஸ்பத்திரியில மாத்திட்டாங்கன்னு காதுல வந்து சொல்வா. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். ரெண்டு குழந்தை பெத்தவ, அசதி, சரியாப் போயிடும்னு அனுப்பிட்டார். நானும் சரியாப் போயிடும்னுதான் நினைச்சேன். எனக்கு என்ன தெரியும், பஸ் ஓட்டறவனுக்கு?"

"அப்புறம்?"

"மார்ச் ஒன்பது. எனக்குக் காலை ஷிஃப்ட். அஞ்சு மணிக்கே போயிட்டேன்." அவர் கைகளை முட்டியில் துடைத்துக்கொண்டார். "ஒன்பதரை மணிக்கு அவ குளியல் தொட்டியில தண்ணியை நிரப்பி, டங்கனை அதுல..."

ரோசலிண்ட் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கொல்லணும்னு இல்லை ரோசி. அதைப் புரிஞ்சுக்கோ. இந்தக் குழந்தையை அனுப்பி வச்சா சொந்தக் குழந்தையைத் திருப்பிக் கொடுத்துடுவாங்கன்னு யாரோ அவகிட்ட சொன்னாங்களாம். யாரும் சொல்லலை. அவ மூளையில கேட்டுது."

"யாரு... அவனை யாரு எடுத்தது?"

லெனார்ட் மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையை ரோசலிண்டால் தாங்க முடியவில்லை.

"நீதாம்மா" என்றார்.

"நானா?"

"நீதான் எடுத்தே. எப்படித் தூக்கினியோ, கடவுளுக்குத்தான் தெரியும். உனக்கு அஞ்சரை வயசு. ராத்திரி கவுனோட, வெறுங்காலோட, சொட்டச் சொட்ட அவனை இழுத்துக்கிட்டுத் தெருவைத் தாண்டி மிஸஸ் கிராப்ட்ரீ வீட்டுக் கதவைக் காலால உதைச்சே. குழந்தை நீலமா இருந்தானாம். அவங்கதான் தலைகீழாப் பிடிச்சு முதுகுல அடிச்சு மூச்சு வரவச்சாங்க. நீ மூணு வாரம் ஒரு வார்த்தை பேசலை. அப்புறம் ஒருநாள் காலையில ரொட்டிக்கு ஜாம் கேட்டே. அம்மா எங்கேன்னு கேட்டே. உனக்கு எதுவுமே ஞாபகம் இல்லை."

எதுவுமே ஞாபகம் இல்லை. இப்போதும் இல்லை. ரோசலிண்ட் தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். அவை செய்த காரியம் அவளுக்குத் தெரியாது. தன்னைப் பற்றி யாரோ ஒரு முன்பின் தெரியாத சிறுமியின் கதையைச் சொல்வது போல அப்பா சொல்கிறார். சமையலறைக்கு ஓடிப் பாத்திரம் கழுவும் தொட்டியில் வாந்தி எடுத்தாள். வெறும் டீதான் வந்தது.

அப்பா பின்னாலேயே வந்து ஈரத் துணியை நீட்டினார்.

"அவளை யார்க்ல மனநல ஆஸ்பத்திரியில வச்சாங்க. பதினாலு மாசம். நான் வாரா வாரம் போனேன். நல்லா குணமாயிட்டா ரோசி, முழுசா. குணமானதுதான் கொடுமை. செஞ்சது என்னன்னு அப்பதான் அவளுக்குத் தெரிஞ்சுது." அவர் நாற்காலியை இழுத்து அவளை உட்கார வைத்தார். "வீட்டுக்கு வா லோர்னான்னு கெஞ்சினேன். வரமாட்டேன்னுட்டா. என்னை நம்பி அந்தக் குழந்தையை ஒரு ராத்திரி விட்டுட்டுத் தூங்குவீங்களான்னு கேட்டா. நான் தூங்குவேன்னு உடனே சொல்லியிருக்கணும். ஒரு நொடி யோசிச்சுட்டேன். அவ அதைப் பாத்துட்டா."

மழை ஜன்னலில் வழிந்தது.

"அந்த மார்ச் ஒன்பதாம் தேதியே செத்துட்டேன்னு சொல்லிடுங்க, செத்தவளுக்காகப் பிள்ளைங்க அழும், அதோட போயிடும்னு அவதான் சொன்னா. கொஞ்ச நாளைக்குத்தானேன்னு நானும் ஒத்துக்கிட்டேன். ஒரு வருஷம் போகட்டும்னு நினைச்சேன். நீ பெரியவளாகட்டும்னு நினைச்சேன். டங்கன் பரீட்சை முடியட்டும்னு நினைச்சேன். அப்படியே போயிடுச்சு. உங்க பொறந்தநாள் தவறாம ரெண்டு பேர் போட்டோவையும் அவளுக்கு அனுப்புவேன். அவ ஒரு வரி எழுதுவா, வந்துதுன்னு."

"எதுக்கு யார்க் வேண்டாம்னீங்கன்னு இப்பப் புரியுது" என்றாள் ரோசலிண்ட் மெதுவாக. சொல்லும்போதே அவளுக்கு இன்னொன்று உறைத்தது. மேஜை மேல் கிடந்த போனைப் பார்த்தாள். 'இதேதான் அக்கா. வேற எதையும் புக் பண்ணிடாதே.'

அங்கே கால்கரியில் காலை ஏழு மணி இருக்கும். அவள் போனை எடுத்தாள்.

"யாருக்கு?" என்றார் அப்பா.

அவள் டங்கனின் எண்ணை அழுத்தினாள். காதில் வைத்துக்கொள்ள முடியாமல், ஒலியைப் பெரிதாக்கி மேஜையிலேயே வைத்தாள்.

"அக்கா! என்ன இவ்வளவு காலையில? புக் பண்ணிட்டியா?"

"உனக்குத் தெரியுமாடா?"

அந்தப் பக்கம் கரண்டி தட்டில் விழும் சத்தம் கேட்டது.

"அவங்களே எடுத்தாங்களா?" என்றான் டங்கன். "ஐயோ. இணையத்துலதானே புக் பண்ணுவேன்னு நினைச்சேன். போன் போட்டியா?"

"எத்தனை நாளாத் தெரியும்?"

"ரெண்டு வருஷமா. கெண்ட்ரா நம்ம வம்சத்தை வரைஞ்சு எனக்குப் பரிசாக் கொடுக்கலாம்னு ஆரம்பிச்சா. எல்லார் பதிவும் கிடைச்சுது, அம்மாவோட இறப்புப் பதிவு மட்டும் எங்கேயும் இல்லை. ஏன் இல்லை? சாகலை, அதனால இல்லை! அவங்க யார்க்ல பேய்க்கதை சொல்றது தெரிஞ்சு அஞ்சு கடிதம் எழுதினேன்க்கா. அஞ்சுக்கும் பதில் இல்லை. அவ்வளவு பயமுறுத்தி வச்சிருக்கார் அவங்களை."

"யாரு?"

"யாரா? உங்கப்பாதான். ஒரு பொம்பளை கைக்குழந்தையை விட்டுட்டு சும்மா போவாளா? விரட்டியிருக்கார். அடிச்சாரோ என்ன பண்ணாரோ. அவங்க செத்துட்டாங்கன்னு ஊரைக் கூட்டிச் சொல்லிட்டு, நல்ல அப்பா வேஷம் போட்டுக்கிட்டு இத்தனை வருஷம்!" அவன் குரல் உடைந்தது. "அதனாலதான் யார்க். அவரை இழுத்துட்டுப் போய் அவங்க எதிர்ல நிறுத்தறேன். அவர் மூஞ்சியைப் பாக்கணும் எனக்கு."

லெனார்ட் தொட்டி அருகில் அசையாமல் நின்றார்.

"டங்கன், நீ நினைக்கறது தப்பு. கேளு, அப்பா எதுவும்..."

"நீ எப்பவும் அவர் பக்கம்தான். அக்கா, கெண்ட்ரா முழுகாம இருக்கா. நாலு மாசம். உன்கிட்ட நேர்ல சொல்லலாம்னு இருந்தேன். பொறக்கப்போற குழந்தைக்கு என் அம்மா வேணும். என்கிட்டேருந்து ஏன் பறிச்சார்னு எனக்குத் தெரியணும். உனக்கு ஏதாவது தெரியுமா? தெரிஞ்சா சொல்லிடு."

ரோசலிண்ட் வாயைத் திறந்தாள். சொல்லத் தெரியும், ஒரே ஒரு வாக்கியம் போதும். அப்பா தப்பித்துவிடுவார். நான்கு மாதக் கர்ப்பிணியின் பக்கத்தில் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும் தம்பியின் தலையில் அது விழும். உன்னைப் பெற்றவள் உன்னை...

ஈரக் கை ஒன்று அவளைத் தாண்டி வந்து போனை எடுத்தது.

"டங்கன், நான்தான்" என்றார் லெனார்ட்.

மறு கையால் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது. அவளைக் கேக்காதே. நீ கண்டுபிடிச்சது சரிதான். நான்தான் உங்கம்மாவை அனுப்பினேன்."

"அப்பா!" என்று ரோசலிண்ட் எழுந்தாள். அவர் திரும்பாமலேயே உள்ளங்கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

"அவ போகமாட்டேன்னு அழுதா. உன்னைக் கொடுக்கமாட்டேன்னு நெஞ்சோட பிடிச்சுக்கிட்டா. நான்தான் பிடுங்கிக்கிட்டுக் கதவைச் சாத்தினேன். அந்த வயசுல எனக்கு முரட்டுக் கோபம். அவமேல ஒரு தப்பும் கிடையாது. அதை மட்டும் நல்லா நினைவு வச்சுக்கோ. ஒரு தப்பும் கிடையாது."

டங்கன் கத்தவில்லை. கத்தியிருக்கலாம் என்று ரோசலிண்டுக்குத் தோன்றியது.

"நான் வருவேன்" என்றான். "ஆனா உங்க வீட்டுக்கு இல்லை. என் குழந்தையை நீங்க பாக்கப் போறதில்லை."

போன் அணைந்தது.

லெனார்ட் அதைத் துணியில் துடைத்து மேஜையில் வைத்தார். நடைக்குப் போய்க் கறிப் பொட்டலத்தை எடுத்து வந்து, கத்தியைத் தேடினார். கத்தி அவர் கண்ணெதிரேதான் இருந்தது.

"ஏம்பா?" ரோசலிண்ட் கத்தியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "ஏம்பா அப்படிச் சொன்னீங்க?"

"என்மேல கோபத்தோட அவன் வாழ்ந்துடுவான். எத்தனையோ பேர் அப்பன் மேல கோபத்தோட வாழலையா? மத்தது தெரிஞ்சா, நாளைக்குக் குழந்தை பொறந்ததும் தன் பொண்டாட்டி குழந்தையைக் குளிப்பாட்டறப்பல்லாம் கதவுக்கு வெளியில நிப்பான். நான் நின்னிருக்கேன் ரோசி. மிஸஸ் கிராப்ட்ரீ உங்களைக் குளிப்பாட்டறப்ப நின்னிருக்கேன். அது மனுஷனுக்கு வேண்டாம்."

அவள் அழவில்லை. அழுகை எங்கோ தூரத்தில், வேறு யாருடைய வீட்டிலோ இருந்தது. நேராக நடைக்குப் போய் ஆணியிலிருந்து கோட்டை எடுத்தாள்.

"எங்கம்மா கிளம்பிட்டே?"

"ஸ்டேஷனுக்கு. ரெண்டே முக்காலுக்கு ஒரு வண்டி இருக்கு. அவங்க மழையில கோட்டு கூட இல்லாம வெளியே போயிருக்காங்களாம். போய்ப் பாக்கறேன். டங்கன் வர்றதுக்குள்ள அவங்க வாயால நான் கேக்கணும். நீங்க சொன்ன பொய்யை அவங்க ஒத்துக்குவாங்களான்னும் கேக்கணும்."

தடுப்பார் என்று எதிர்பார்த்தாள். லெனார்ட் தடுக்கவில்லை. கையில் கத்தியோடு சமையலறை வாசலில் நின்று, அவள் ஒரு கையைக் கோட்டுக்குள் விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்திநாலு வயது அன்றைக்குத்தான் அவர் முகத்தில் முழுசாக வந்து உட்கார்ந்திருந்தது.

"ரோசி."

"என்னப்பா?"

"எதை வேணா கேளு. எதை வேணா சொல்லு. ஆனா டங்கனை எடுத்தது நீதான்னு மட்டும் சொல்லிடாதே."

கோட்டின் மறு கைக்குள் நுழையப் போன கை அப்படியே நின்றது.

"ஏன்?"

"யார் எடுத்தாங்கன்னு அவளுக்கு ஞாபகம் இல்லை. மிஸஸ் கிராப்ட்ரீ சத்தம் கேட்டு ஓடி வந்து எடுத்தாங்கன்னுதான் அவகிட்ட சொல்லி வச்சிருக்கேன். நீ அன்னிக்குத் தூங்கிட்டிருந்தேன்னு சொல்லியிருக்கேன்." லெனார்ட் கத்தியைக் கீழே இறக்கினார். "மூத்தவ எதையும் பாக்கலை, அந்த ஒண்ணாவது மிச்சம்னு அவ சொல்லுவா. அதை வச்சுக்கிட்டுத்தான் இத்தனை வருஷம் உயிரோட இருக்கா."